லேட்டா வந்து லேட்டா போற இனிப்பு: சுக்ரலோஸ் மாத்திரை, பொடி, சொட்டு மூணையும் ஒரு வருஷம் போட்டுப் பாத்தவனோட ரிவ்யூ

போன வருஷம் ஆடி மாசம் எனக்கு சுகர்னு தெரிஞ்சுது, ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் கணக்கு, 7.6. டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு மொத கேள்வியே "ஒரு நாளைக்கு எத்தனை காபி"ன்னுதான் கேட்டார், நான் நாலுன்னேன், பக்கத்துல உக்காந்திருந்த வொய்ஃப் "ஆறு சார்"னா. ஆறு காபி, காபிக்கு ரெண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு அஞ்சு கிராம், ஆக சோறு தோசை எல்லாம் கணக்குல வர்றதுக்கு முன்னாடியே தெனம் 60 கிராம் சக்கரை உள்ள போயிட்டு இருந்திருக்கு. காபிய விடுங்கன்னு அவர் சொல்லல, நல்ல மனுஷன், சக்கரைய விடுங்கன்னார். சக்கரை இல்லாத டிகிரி காபி ரெண்டு நாள் குடிச்சுப் பாத்தேன், மூணாவது நாள் மெடிக்கல் ஷாப்ல போயி நின்னேன்.

"சுகர் ஃப்ரீ குடுங்க"ன்னு கேட்டா கடைக்காரர் "எது சார், மாத்திரையா பொடியா"ன்னு நாலு டப்பாவ எடுத்து வரிசையா வெச்சுட்டார். சுகர் ஃப்ரீங்கறது ஒரு கம்பெனியோட பிராண்ட் பேரு, ஆனா நம்ம ஊர்ல எல்லா டப்பாவுக்கும் அதான் பேரு. டப்பாவுக்குப் பின்னாடி எறும்பு சைஸ் எழுத்த கண்ணாடிய தூக்கிட்டு படிச்சா, ஒண்ணுல ஆஸ்பார்டேம், ரெண்டுல சுக்ரலோஸ், ஒண்ணுல சீனித்துளசி. நான் சுக்ரலோஸ் எடுத்தேன், காரணம் அப்பறம் சொல்றேன். அதுல 500 மாத்திரை டப்பா, பொடி ஒரு பாட்டில், அப்பறம் ஆன்லைன்ல சொட்டு மருந்து மாதிரி ஒரு திரவம், மூணும் இந்த ஒரு வருஷத்துல முடிச்சிருக்கேன். பிராண்ட் பேரு எழுதப் போறதில்ல, கமெண்ட்ல கேக்காதீங்க, உள்ள இருக்குற சரக்கு எல்லாத்துலயும் ஒண்ணுதான், உணவுல சேக்குற பொருளுக்குக் குடுக்குற நம்பர், ஐஎன்எஸ் 955னு போட்டிருக்கும் பாருங்க. அந்த 955 எப்படி இருக்குங்கறதுதான் இந்த ரிவ்யூ.

மொதல்ல இது என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா வாட்ஸப்புல இத பிளாஸ்டிக்னு சொல்ற குரூப்பும் இருக்கு, இது சக்கரைல இருந்து வர்ற இயற்கைப் பொருள்னு சொல்ற குரூப்பும் இருக்கு. நாம போடுற வெள்ளைச் சக்கரை மூலக்கூறு ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோசும் கை கோத்துக்கிட்டது, அதுல சுத்திலும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி எட்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த எட்டுல மூணே மூண கழட்டிட்டு அந்த எடத்துல குளோரின் வெச்சா சுக்ரலோஸ். அவ்ளோதான், ஆனா அந்த அவ்ளோதான் சின்ன வேலை இல்ல, ஏன்னா குளோரின் ஏத்துறப்ப அது பாட்டுக்கு எங்க வேணா போயி ஒட்டிக்கும், அதனால வேண்டாத எடத்துல மொதல்ல ஒரு மூடி போட்டு மறைச்சு, குளோரின ஏத்தி, அப்பறம் மூடிய கழட்டுறாங்க. இதுல குளுக்கோஸ் பக்கம் இருக்குற ஒரு குளோரின் வேற தலைகீழா திரும்பி உக்காந்துக்குது, அதனால அந்தப் பாதி குளுக்கோஸ் சாயல் போயி பால்ல இருக்குற காலக்டோஸ் சாயலுக்கு வந்துடுது. ஆக சக்கரைல ஆரம்பிச்சாங்கங்கறது உண்மை, முடிஞ்சப்ப அது சக்கரை இல்லங்கறதும் உண்மை. "சக்கரைல செஞ்சது, அதனாலதான் சக்கரை மாதிரியே ருசி"ன்னு அமெரிக்காவுல சுக்ரலோஸ் விக்கிற ஸ்ப்ளெண்டாக்காரங்க விளம்பரம் பண்ணி, அதுக்கு ஆஸ்பார்டேம் விக்கிற ஈக்குவல் கம்பெனிக்காரங்க கேஸ் போட்டு 2007ல ஃபிலடெல்ஃபியா கோர்ட்ல செட்டில் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு செயற்கை இனிப்புக்காரங்க யார் அதிக செயற்கைன்னு கோர்ட்ல சண்டை போட்டிருக்காங்க, நெனச்சா சிரிப்பா இருக்கு.

மூணு குளோரின் என்ன பண்ணுதுன்னா, நாக்கு ஏமாறுது, குடல் ஏமாற மாட்டேங்குது. நாக்குல இத சக்கரையவிட சுமார் 600 மடங்கு இனிப்பா உணர்றோம், ஆனா குடல்ல சக்கரைய வெட்டுற என்சைம் வந்து பாத்தா இதுல எங்கயும் கத்தி வைக்க முடியல. சுமார் 85 சதவீதம் அப்படியே மலத்தோட வெளிய போயிடுது, மிச்சம் கொஞ்சம் ரத்தத்துல ஏறி கிட்னி வழியா மூத்திரத்துல போயிடும், கலோரியா எதுவும் தங்குறதில்ல. அப்பறம் அது எங்க போகும்னு யோசிச்சிருக்கீங்களா? சாக்கடைக்கு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அங்க இருக்குற பாக்டீரியாவாலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாம ஆத்துக்கு. ஒரு ஆத்துல மனுஷக் கழிவு கலந்திருக்கான்னு கண்டுபிடிக்க விஞ்ஞானிங்க தண்ணில சுக்ரலோஸ் இருக்கான்னுதான் தேடுறாங்க, அந்த அளவுக்கு அழியாத சரக்கு.

இத கண்டுபிடிச்ச கதைல ஒரு இந்தியர் இருக்கார். 1976, லண்டன்ல குயின் எலிசபெத் காலேஜ், லெஸ்லி ஹஃப்னு புரொஃபசர், அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த சசிகாந்த் பட்னிஸ். டேட் அண்ட் லைல்னு பெரிய சக்கரைக் கம்பெனி, சக்கரைய சாப்பிடறதத் தவிர வேற எதுக்காவது ஆகுமான்னு பாக்கச் சொல்லி ஆராய்ச்சிக்கு காசு குடுத்திருந்தாங்க. குளோரின் ஏத்தின பொடிய "டெஸ்ட்" பண்ணுன்னு ஹஃப் சொல்ல, பட்னிஸ் காதுல "டேஸ்ட்" பண்ணுன்னு விழ, அந்த மனுஷன் எடுத்து நாக்குல வெச்சிருக்கார். நம்ம ஆளு காதுல இங்கிலீஷ் தப்பா விழுந்ததால நடந்த நல்ல காரியம்னு இத சொல்லலாம். ஆனா இவர் ஒருத்தர் மட்டும் இல்ல, இந்த செயற்கை இனிப்பு வகையறா முழுக்கவே கை கழுவாதவங்களோட சரித்திரம்தான். 1879ல சாக்ரின், ஃபால்பெர்க் லேப்ல இருந்து அப்படியே சாப்பாட்டுல கைய வெச்சார், ரொட்டி இனிச்சுது. 1937ல சைக்லமேட், லேப்ல சிகரெட் புடிச்சவருக்கு சிகரெட் இனிச்சுது. 1965ல ஆஸ்பார்டேம், அல்சர் மருந்துக்கு வேலை பண்ணிட்டு இருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர் பேப்பர எடுக்க விரல நக்கினார். நான் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப்ல பைபெட்ல வாய வெச்சதுக்கு முட்டிக்கால் போட்டேன், இவங்களுக்கெல்லாம் பேட்டன்ட்.

சரி ருசி. இதுல நான் கொஞ்சம் சீரியஸாவே எறங்கிட்டேன். ஒரு ஞாயித்துக்கெழமை வொய்ஃப விட்டு மூணு டம்ளர்ல வெறும் தண்ணி வெக்கச் சொன்னேன், ஒண்ணுல ஒரு ஸ்பூன் சக்கரை, ஒண்ணுல ஒரு மாத்திரை, ஒண்ணுல சொட்டு மூணு. எது எதுன்னு எனக்குத் தெரியாது. நாக்குல பட்ட நொடியே தெரிஞ்சுபோச்சு, இனிப்போட அளவுல இல்ல, நேரத்துல. சக்கரை வாய்க்குள்ள வந்த உடனே "வந்துட்டேன்"னுது, முழுங்கின உடனே போயிடுது. மாத்திரைத் தண்ணி முதல்ல தண்ணியாதான் இருக்கு, ஒரு செகண்ட் கழிச்சு எங்கிருந்தோ இனிப்பு வருது, வந்து ஏறுது, முழுங்கினதுக்கப்பறமும் நாக்கோட பின்பக்கம், தொண்டைக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. வாய் கொப்பளிச்சேன், அப்பவும் இருக்கு. விருந்தாளி லேட்டா வந்துட்டு, எல்லாரும் போனப்பறமும் திண்ணைல உக்காந்து பேசிட்டு இருப்பார் இல்ல, அந்த மாதிரி. அம்மாவுக்கு ஒரு வாய் குடுத்தேன், எதுவுமே சொல்லாம, அவங்க கொஞ்ச நேரம் வாய சப்புக்கொட்டிட்டு "என்னடா அதிமதுரம் ஊறப்போட்ட தண்ணியா"ன்னாங்க.

அம்மா சொன்னதுல விஷயம் இருக்கு. அதிமதுரத்த கடிச்சா முதல்ல கட்டைய மெல்ற மாதிரிதான் இருக்கும், அப்பறம் மெதுவா இனிப்பு ஏறி ரொம்ப நேரம் தொண்டைல நிக்கும், அதுல இருக்குற கிளைசிரைசினும் சக்கரைய விட முப்பது அம்பது மடங்கு இனிப்பு. இந்த மாதிரி அதிக வீரியமுள்ள இனிப்பு பலதுக்கும் இந்த லேட் பழக்கம் உண்டு. நாக்குல இனிப்புக்குன்னு இருக்குற ரிசப்டார், அதாவது ருசிய உணர்ற வாசல், ஒரே ஒரு ஜோடிதான், டி1ஆர்2, டி1ஆர்3ன்னு ரெண்டு புரோட்டீன் சேந்தது, 2001ல கண்டுபிடிச்சாங்க. சக்கரை அதுல லேசா ஒட்டி லேசா விட்டுடும், அதனாலதான் இனிப்பு தெரியறதுக்கு ஸ்பூன் ஸ்பூனா கொட்ட வேண்டியிருக்கு. சுக்ரலோஸ் அதவிட பல மடங்கு இறுக்கமா புடிச்சுக்குது, ஒரு ஸ்பூன் சக்கரைக்கு பதிலா ஒரு மாத்திரைல இருக்குற 8 மில்லிகிராம் போதும்ங்கறதுக்கும் அதான் காரணம், எந்திரிச்சுப் போக மாட்டேங்கறதுக்கு சொல்ற காரணங்கள்ல ஒண்ணும் அதான்.

இது புரிஞ்சப்பறம் எதுல போட்டா நல்லா இருக்கும், எதுல போட்டா கெட்டுப்போகும்னு எனக்கு ஒரு கணக்கு கெடச்சுது. காபில பிரமாதம். சொல்லப்போனா சிக்கரி போட்ட டிகாஷன்ல ஏறக்குறைய வித்தியாசமே தெரியல, ஏன்னா காபியோட கசப்பும் முழுங்கினப்பறம் வாயில தங்குற கசப்பு, இவரு லேட்டா போறதும் அதோட சேந்து போயிடுது, பாலோட கொழுப்பு மிச்சத்த மூடிடுது. மாத்திரைய டபராவுல போடாதீங்க, டம்ளர்ல சூடான டிகாஷன்ல போடுங்க. அடியில போயி ரெண்டு செகண்ட் சும்மா கெடக்கும், அப்பறம் பூ மாதிரி விரிஞ்சு பொலபொலன்னு உதிரும், அதுக்கு மேல பால ஊத்தி ஒரு ஆத்து ஆத்தினா முடிஞ்சுது. டீல பரவால்ல, ஏலக்கா இஞ்சி போட்டா நல்லாவே இருக்கு. எலுமிச்சை ஜூஸ்ல மட்டும் வேண்டவே வேண்டாம். புளிப்பு சட்டுன்னு வந்து சட்டுன்னு போற ஆளு, சக்கரையும் அதே மாதிரி ஆளு, அதனாலதான் ரெண்டும் ஜோடி. இங்க புளிப்பு மட்டும் வந்துட்டுப் போன எடத்துக்கு அப்பறமா இனிப்பு தனியா வந்து நிக்குது, ஒரே டம்ளர்ல ரெண்டு ஜூஸ் குடிச்ச மாதிரி. உப்பு போட்டு குடிச்சுட்டு போறது மேல்.

ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும், சாக்ரின் அளவுக்கு இதுல நாத்தக் கசப்பு இல்ல. எங்க தலைமுறைக்கு சாக்ரின் ருசி தெரியும், ஸ்கூல் வாசல்ல குச்சி ஐஸ் சப்பினா கடைசில நாக்குல இரும்புச் சாவிய வெச்ச மாதிரி ஒரு கசப்பு வருமே, "டேய் சாக்ரின் போட்ட ஐஸுடா"ன்னு வீட்ல திட்டுவாங்களே, அதேதான். சாக்ரின் இனிப்பு ரிசப்டார தட்டுறதோட நிக்காம கசப்பு ரிசப்டார்கள்ல ரெண்ட சேத்து தட்டுது, அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல, பரம்பரையப் பொறுத்து சிலருக்கு ரொம்பக் கசக்கும், சிலருக்கு தெரியவே தெரியாது. சுக்ரலோஸ்ல எனக்கு கசப்பு தெரியல, வொய்ஃப் லேசா இருக்குங்கறா, அவ நாக்கு அவளுக்கு.

பழைய ரெண்டு ஸ்பூன் ஞாபகத்துல ஒரு நாள் ரெண்டு மாத்திரை போட்டேன், அப்பறம் ஒரு நாள் வேணும்னே நாலு போட்டேன். இங்கதான் அடுத்த பாடம். சக்கரைய கூட்டக்கூட்ட இனிப்பு கூடிக்கிட்டே போகும், திகட்டுற வரைக்கும். இது அப்படி இல்ல, ஒரு அளவுக்கு மேல இனிப்பு ஏறாது, அந்தப் போகாத வால்தான் நீளும். 600 மடங்குங்கறதே ஒரு சராசரி கணக்குதான், கொஞ்சமா போட்டா மடங்கு ஜாஸ்தி, நெறைய போட்டா மடங்கு கொறைஞ்சுடும். அதனால இப்ப காபிக்கு ஒண்ணுதான், நாக்கும் பழகிடுச்சு.

நடுவுல ஒரு வேலையத்த வேலை பண்ணேன். எதிர்வீட்டு வேலில சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருக்கு, அந்தப் பாட்டிகிட்ட கேட்டு நாலு இலை பறிச்சுட்டு வந்து நல்லா மென்னு, கசப்ப நாக்கு பூரா பரப்பி, துப்பிட்டு, ஒரு ஸ்பூன் சக்கரைய வாயில போட்டேன். மணல். சத்தியமா ஆத்து மணல வாயில போட்ட மாதிரி நறநறன்னு இருக்கு, துளி இனிப்பு இல்ல. சக்கரைக்கொல்லின்னு பெரியவங்க பேரு வெச்சது சும்மா இல்ல. உடனே மாத்திரைய போட்டேன், சுண்ணாம்புக் கட்டி. 600 மடங்கு இனிப்பு ஒண்ணுமில்லாம போச்சு, ஏன்னா இலைல இருக்குற ஜிம்னிமிக் அமிலம் போயி அடைக்கிறது அதே டி1ஆர்2-டி1ஆர்3 ஜோடியைத்தான், வாசலையே பூட்டினப்பறம் சக்கரை வந்தா என்ன சுக்ரலோஸ் வந்தா என்ன. இந்தக் கூத்துல சாயங்காலக் காபி வீணாப் போச்சு, முக்கா மணி நேரம் ஆச்சு நாக்கு திரும்பி வர.

சமையலுக்கு வருவோம், இங்கதான் டப்பாவுல "சமையலுக்கும் பேக்கிங்குக்கும் ஏத்தது"ன்னு போட்டிருக்கறத நம்பி நான் பட்டது. பால் பாயசம் ஓகே. இனிப்பு வந்துடும், ஆனா தண்ணியா இருக்கும், ஏன்னா சக்கரை இனிப்பு மட்டும் குடுக்குறதில்ல, கொழகொழப்பும் குடுக்குது, அது போனா வாயில ஒரு கனம் இல்ல. பால இன்னும் கொஞ்சம் சுண்ட வெச்சு ஜவ்வரிசி ஒரு கை கூட போட்டா சரியாயிடும். கேசரி பண்ணப்பதான் சிரிச்சுட்டோம். ரவைய வேக வெச்சு சக்கரைய கொட்டினா அது இளகி, தளதளன்னு ஆகி, அப்பறம் கிளறக்கிளற சுருண்டு நெய் விட்டு ஓரம் ஒதுங்கும் இல்ல? இதுல ஒரு மூடி சொட்டு ஊத்தினேன், ஒண்ணுமே நடக்கல. ரவை எப்படி வெந்துச்சோ அப்படியே நிக்குது. கேசரிப் பவுடர் போட்ட இனிப்பு உப்புமா. பையன் "அப்பா தொட்டுக்க சட்னி எங்க"ன்னான்.

மைசூர்பா, அதிரசம், கடலமுட்டாய் பத்தி பேச்சே வேண்டாம், கம்பிப் பதம்ங்கறது சக்கரையோ வெல்லமோ தண்ணியோட சேந்து பண்ற வித்தை, 8 மில்லிகிராம்ல எந்தக் கம்பி வரும். இதெல்லாம் தெரிஞ்சும் கோடைல மாங்கா ஜாம் போட்டேன் பாருங்க, நாலு நாள்ல மேல வெள்ளையா பூஞ்சை. சக்கரைதான் தண்ணிய புடிச்சு வெச்சு கிருமிக்கு கெடைக்காம பண்ணுது, அது இல்லாத ஜாம் வெறும் மாங்காக் கூழ், ஒரு கிலோ கிளிமூக்கு குப்பைல.

சுக்ரலோஸ் எடுத்த காரணத்த அப்பறம் சொல்றேன்னேன் இல்ல, அது சூடுதான். ஆஸ்பார்டேம் ரெண்டு அமினோ அமிலம் சேந்த ஒரு குட்டி புரோட்டீன் துண்டு மாதிரி, கொதிக்கற பாயசத்துல ரொம்ப நேரம் விட்டா உடைஞ்சு இனிப்பு போயிடும், நான் சுக்ரலோஸ் எடுத்தது அதனாலதான், இது கொதிக்கற காபி டீல அசராது. ஆனா சூட்டுக்கு எல்லை இல்லாத ஆளுன்னு இதையும் நெனச்சுடாதீங்க, 120 டிகிரிக்கு மேல நேரம் போட்டு சூடு பண்ணினா குளோரின் உள்ள வேண்டாத பொருள்கள் உருவாகலாம்னு ஜெர்மனியோட உணவுப் பாதுகாப்பு ஆளுங்க பிஎஃப்ஆர் 2019ல சொன்னாங்க. கொதிக்கற தண்ணி 100ஐ தாண்டாது, அதனால காபி பாயசம் கவலை இல்ல. ஓவன்ல 180ல வெக்கற பிஸ்கட்டு, எண்ணெய்ல பொரிக்கற மாவுல கலக்கறது, அதெல்லாம் எங்க வீட்ல கெடையாது. டப்பாக்காரங்க என்ன வேணா எழுதிக்கட்டும்.

பொடி வாங்காதீங்க. 8 மில்லிகிராம யாராலயும் ஸ்பூன்ல அள்ள முடியாது, அதனால மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒரு ஸ்டார்ச் பொடில கலந்து, சக்கரை அளவுக்கு உப்பலாக்கி குடுக்குறாங்க. என் கிச்சன் தராசுல பத்து ஸ்பூன் அள்ளிப் போட்டா 5 கிராம்தான் காட்டுச்சு, அவ்ளோ காத்து. காபிக்கு ஒரு ஸ்பூன்னா ரெண்டு கலோரி, விட்டுத் தள்ளலாம், ஆனா பாயசத்துக்குன்னு ஒரு கப், அதாவது 48 ஸ்பூன் கொட்டினா 24 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின், கிட்டத்தட்ட 96 கலோரி, அதுவும் ரத்தத்துல குளுக்கோஸ் வேகத்துலயே ஏறுற சரக்கு. இதுல மழைக்காலத்துல நமத்துப் போயி பாட்டிலுக்குள்ள கல்லாயிடுச்சு, கத்தியால குத்தி எடுத்தேன். சொட்டு அந்த விதத்துல சுத்தம், தண்ணியும் சுக்ரலோசும் கெடாம இருக்க ஒரு பிரிசர்வேடிவும்தான், மோர்லயும் லஸ்ஸிலயும் உடனே கலந்துடும், ஆனா மூடி அழுத்தினா ஒரு நாள் ஒரு சொட்டு, ஒரு நாள் பீச்சாங்குழல்.

மாத்திரை டப்பாவோட கிளிக் பட்டன பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு தட்டுக்கு ஒண்ணு விழணும். முதல் நூறு மாத்திரை வரைக்கும் ஒழுங்கா விழுந்துது, அப்பறம் தட்டினா வராது, ரெண்டு தட்டினா மூணு வரும், காபி ஆவி உள்ள போயி ஒட்டிக்குது போல. இப்ப தூரமா வெச்சு மூடில தட்டிட்டு அப்பறம் டம்ளர்ல போடுறேன். வெலை, 500 மாத்திரைக்கு 200 சொச்சம் ஆச்சு, அதே 500 ஸ்பூன் சக்கரை ரெண்டரை கிலோ, 110, 120 ரூபாய்க்கு முடிஞ்சுடும். ஆக இனிப்புக்கு டபுள் காசு குடுத்து கலோரி வேண்டாம்னு சொல்றோம்.

இதையும் சொல்லிடறேன், ஸ்வீட் கடைல "சுகர் ஃப்ரீ"ன்னு தனி ஷோகேஸ் வெச்சிருக்காங்க, கடை பேரு வேண்டாம். தீபாவளிக்கு ஆசையா கால் கிலோ வாங்கி ரெண்டு துண்டு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு குத்திப் பாத்தேன், 238. சக்கரை இல்லதான், மாவு இருக்கு, பேரீச்சம்பழம் இருக்கு, நெய் இருக்கு. கடைல நிக்கிற பையன்கிட்ட போயி கேட்டா "சார் சுகர் போடல சார்"னு சாதிக்கிறான், அவன் சொன்னதும் பொய்யில்ல.

உடம்புக்கு நல்லதா கெட்டதான்னு கேக்கறவங்களுக்கு, நான் டாக்டர் இல்ல, படிச்சத சொல்றேன். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாசம், வெயிட் கொறைக்கணும்னு இந்த மாதிரி இனிப்புகள நம்பாதீங்கன்னு வழிகாட்டுதல் விட்டாங்க, ஆனா ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு அது பொருந்தாதுன்னும் அதுலயே போட்டிருக்கு, ஃபார்வர்டு பண்றவங்க அந்த வரிய மட்டும் வெட்டிடறாங்க. இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிட்யூட் 2022ல 120 ஆரோக்கியமான ஆளுங்களுக்கு ரெண்டு வாரம் குடுத்துப் பாத்தாங்க, சாக்ரினும் சுக்ரலோசும் எடுத்தவங்களுக்கு குளுக்கோஸ் ஏறி எறங்குறது கொஞ்சம் மோசமாச்சு, குடல் பாக்டீரியா மாறுது. நமக்கு ரொம்பக் கிட்டத்துல சென்னைல சுகர் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வி. மோகன் குழு, டைப் 2 சுகர் உள்ள 179 பேருக்கு காபி டீல சக்கரைக்கு பதிலா சுக்ரலோஸ் போட்டு 12 வாரம் பாத்து 2024ல போட்டாங்க, ஹெச்பிஏ1சில பெருசா மாத்தம் இல்ல, வெயிட்டும் இடுப்பும் துளியூண்டு கொறைஞ்சுது. எனக்கு அதான் நம்பற மாதிரி இருக்கு, ஏன்னா அது நம்ம டம்ளர்லயே பண்ண சோதனை. அளவு கணக்கு பாத்தா ஜெக்ஃபா, அதாவது ஐ.நா. அமைப்புங்களோட உணவுச் சேர்க்கை நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரைக்கும்னு வெச்சிருக்கு, அமெரிக்காவோட உணவு, மருந்து அமைப்பு எஃப்டிஏ 5 மில்லிகிராம், அந்தக் கஞ்சக் கணக்குப்படியே 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம், அதாவது முப்பத்தஞ்சு மாத்திரைக்கு மேல. அத்தனை காபி குடிச்சா சுக்ரலோசுக்கு முன்னாடி தூக்கம் போயிடும். கொழந்தைங்களுக்கு குடுக்க வேண்டாம்னு டப்பாவுலயே போட்டிருக்கு, பையன் கேசரி சாப்பிட்டது அந்த ஒரு வாயோட சரி.

என் ஹெச்பிஏ1சி இப்ப 6.7. டாக்டர் குடுத்த சுகர் மாத்திரை, நடை, ராத்திரி சோத்துக்கு பதிலா ரெண்டு சப்பாத்தி, இதெல்லாம் சேந்துதான், பெருமைய இந்தக் கிளிக் டப்பாவுக்கு மட்டும் குடுக்க மாட்டேன்.

மார்க்கு: மாத்திரைக்கு காபிய வெச்சு அஞ்சுக்கு நாலு, அந்தப் பட்டனுக்காக அரை கொறைச்சு மூணரை. சொட்டுக்கு மூணு. பொடிக்கு ஒண்ணரை, அதுவும் பாட்டில் நல்லா இருந்துதுன்னு, இப்ப அதுல வொய்ஃப் வெந்தயம் போட்டு வெச்சிருக்கா. டீக்கடைல மொத நாள் சட்டைப் பையில இருந்து டப்பாவ எடுத்து கிளாஸ்ல தட்டினப்ப மாஸ்டர் கைய நிறுத்திட்டு ஒரு மாதிரி பாத்தார், "என்ன சார், டீல மாத்திரை போடுறீங்க, தலைவலியா"ன்னார். இப்பல்லாம் நான் வர்றத பாத்தா பாய்லர் பக்கத்துல இருந்தே "சாருக்கு ஒரு சக்கரை இல்லாதது"ன்னு குரல் குடுக்கறார், ஒரு நாள் டீய நீட்டறப்ப மெதுவா "அது ஒண்ணு குடுங்க சார், போட்டுப் பாக்கறேன், எனக்கும் போன மாசம் வந்துருச்சு"ன்னார்.